லண்டன் அருங்காட்சியகங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: விசா முதல் முதுகுப்பை வரை

2025 மே மாதம் நாங்கள் ஐந்து பேர் திருச்சியிலிருந்து லண்டன் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், 68 வயது அம்மா. போனதே அருங்காட்சியகங்களைப் பார்க்கத்தான். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்று தெரிந்த பிறகுதான் அப்படி ஒரு ஆசை வந்தது. உள்ளே போகக் காசு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு யாரும் கிடைக்கவில்லை. உங்களுக்காவது இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விடுமுறை. அங்கே பிள்ளைகளுக்கு மே கடைசி வாரம் ஒரு சின்ன விடுமுறை உண்டு. பெரிய விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முழுக்க. அந்த நாட்களில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் வரிசை தெரு முனை வரை போகும். ஆகவே மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள்தான் நமக்கு ஏற்ற காலம். குளிர் குறைந்திருக்கும், இருட்ட இரவு எட்டரை ஆகிவிடும், கூட்டமும் தாங்கும்படி இருக்கும்.

நம் ஊரில் ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. லண்டனில் பெரியவை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை டிசம்பர் 24, 25, 26 ஆகிய மூன்று நாள்தான் மூடுகிறார்கள். தினமும் காலை 10 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8.30 வரை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை இரவு 10 வரை திறந்திருக்கும். நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடம் அன்று இரவு 9 வரை. ஆக, உங்கள் பயணத்தில் எப்படியும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் இருக்கும் நெரிசல் வெள்ளி மாலையில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

2. கடவுச்சீட்டையும் விசாவையும் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட். பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட் சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான் செல்லும். நம்முடையது நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடுவோம், பிள்ளையுடையது காலாவதியாகியிருக்கும். என் மகனுடையது அப்படித்தான் ஆகியிருந்தது. புதுப்பிப்பதிலேயே சில வாரங்கள் போய்விட்டன.

அடுத்து விசா. சுற்றுலாவுக்கு வேண்டியது ஆறு மாத 'ஸ்டாண்டர்ட் விசிட்டர்' விசா. பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் முடியாது. கைரேகையும் படமும் கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். அதற்கு மேலும் இழுக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஆறு, ஏழு வாரம் கையில் இருக்கும்படி தொடங்குங்கள்.

கட்டணம்: நாங்கள் பிப்ரவரியில் கட்டியபோது ஆளுக்கு 115 பவுண்டு. 2025 ஏப்ரல் 9 முதல் அது 127 ஆனது. அவ்வப்போது ஏற்றுகிறார்கள், ஆகவே கட்டும் அன்று தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. குழந்தை என்று சலுகை கிடையாது. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம், முழுக் கட்டணம். ஐந்து பேருக்கு எங்களுக்கு 65,000 ரூபாயைத் தாண்டியது. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அதனால் காகிதங்களைச் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். பணம் கட்டும் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் முதலிலேயே பாருங்கள்.

நாங்கள் சேர்த்த காகிதங்கள் இவை:

எல்லோருடைய பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்டுகளும் சேர்த்து. என்னுடைய, மனைவியுடைய ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட். ஆறு மாதச் சம்பளச் சீட்டு. மூன்று வருட வருமான வரிக் கணக்கு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, திரும்பி வந்து வேலையில் சேர்வார் என்று அலுவலகம் கொடுத்த கடிதம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளியிலிருந்து ஒரு கடிதம். அம்மாவின் ஓய்வூதியப் புத்தகம், அவருடைய செலவை நான் ஏற்கிறேன் என்று நான் எழுதிய கடிதம், நான் அவர் மகன் என்பதற்கான சான்று. வீட்டுப் பட்டா. எட்டு நாளும் எங்கே தங்குவோம், எந்த நாள் எங்கே போவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதிய பயணத் திட்டம்.

இதில் கவனிக்க வேண்டியவை:

தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் அப்படியே வைக்கக் கூடாது. எங்கள் பட்டா முழுக்கத் தமிழில் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி எல்லாம் இருக்க வேண்டும். கைரேகைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போதுதான் எனக்கு இது தெரிந்தது. அந்த இரண்டு நாளும் மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போடாதீர்கள். ஊரில் ஒரு முகவர் என்னிடம், "யார்கிட்டயாவது ரெண்டு லட்சம் வாங்கிப் பத்து நாளைக்குக் கணக்குல வைங்க சார், போதும்" என்றார். கேட்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். உண்மையிலேயே பெரிய தொகை வந்திருந்தால் அதற்கான ஆதாரத்தையும் வையுங்கள். எனக்குச் சீட்டு எடுத்த பணம் வந்திருந்தது. சீட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டேன்.

விசா கைக்கு வரும் முன் ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு டிக்கெட் தேவையில்லை. தங்குமிடமும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

கைரேகை கொடுக்கும் விண்ணப்ப மையத்தில் குறுஞ்செய்தி, கூரியர், தனி ஓய்வறை என்று பல கூடுதல் சேவைகளைச் சொல்வார்கள். எதுவும் கட்டாயமில்லை. வேண்டியதை மட்டும் எடுங்கள். எங்கள் பாஸ்போர்ட் முடிவு வரும் வரை அவர்களிடம்தான் இருந்தது, அந்த வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. கைரேகை கொடுக்கும் நாளிலேயே எழும்பூருக்குப் போங்கள்

கைரேகைக்கு எங்களுக்குக் கிடைத்த இடம் சென்னை. வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி நாளில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம் என்று ஐந்து பேரும் ஆட்டோ பிடித்துப் போனால் கேட் பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, எழும்பூருக்கு வார விடுமுறை வெள்ளி. நீங்கள் கைரேகைக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

லண்டன் போகிறவருக்கு எழும்பூர் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணா நதிக் கரையில் அமராவதி என்ற ஊரில் ஒரு பெரிய பௌத்த ஸ்தூபி இருந்தது. அதன் சிற்பப் பலகைகளில் ஒரு பெரும்பகுதி எழும்பூரில் இருக்கிறது. இன்னொரு பகுதி, நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். ஒரே கட்டடத்தின் இரண்டு பகுதிகள் இரண்டு ஊர்களில். எழும்பூரில் பார்த்துவிட்டுப் போனால் லண்டனில் அந்த அறைக்குள் நுழையும்போது பிள்ளைகளுக்கு அது தெரிந்த இடமாக இருக்கும். சோழர் கால வெண்கலச் சிலைகளுக்கும் இதே கதைதான். எழும்பூரில் இருக்கும் நடராஜரை நின்று பார்த்த பிறகு, லண்டனில் இருக்கும் நடராஜரின் முன் நம் பிள்ளைகள் வழிகாட்டி இல்லாமலேயே பேசுவார்கள்.

எங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. படங்களைக் காட்டித்தான் பிள்ளைகளைத் தயார் செய்தேன். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகவில்லை.

4. இலவச நுழைவுச் சீட்டை அருங்காட்சியகத்தின் தளத்திலேயே எடுங்கள்

நுழைவு இலவசம் என்றாலும் நேரம் குறித்த இலவசச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது. சீட்டு இல்லாமலும் போகலாம். ஆனால் கூட்ட நாளில் சீட்டு உள்ளவர்களை முதலில் விடுவார்கள்.

தேடல் பக்கத்தில் மேலே வருகிற எல்லாமே அருங்காட்சியகத்தின் தளம் இல்லை. வரிசையில் நிற்காமல் போகலாம் என்று சொல்லி, இலவச அருங்காட்சியகத்துக்கே ஆளுக்குப் பல பவுண்டு வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி ஒரு தளத்தில் இரண்டு பேருக்குப் பணம் கட்டிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். பணம் திரும்பவில்லை. நுழைவுக்கு விலை கேட்டால் அது வேறு யாரோ என்று புரிந்துகொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலும் சீட்டு எடுக்கும்போது நன்கொடை தருகிறீர்களா என்று ஒரு பக்கம் வரும். விருப்பம் இருந்தால் தரலாம். பூஜ்யம் என்று போட்டும் தொடரலாம். வாசலில் இருக்கும் உண்டியலும் அப்படித்தான். இன்னொன்று: நிரந்தரக் காட்சிதான் இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிச் சீட்டு உண்டு, விலையும் அதிகம். முதல்முறை போகிறவர்களுக்கு இலவசப் பகுதியையே பார்த்து முடிக்க முடியாது, அதனால் அதை விட்டுவிடலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். லண்டன் வால் என்ற இடத்தில் இருந்த லண்டன் நகர அருங்காட்சியகம் 2022 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் பல பட்டியல்களில் இன்னும் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களிலும் சில அறைகளைச் சில நாட்களில் மூடிவைப்பார்கள். நீங்கள் முக்கியமாக நினைக்கும் அறை அன்று திறந்திருக்கிறதா என்று காலையில் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

5. பேருந்தும் சுரங்க ரயிலும்

டிக்கெட் வாங்க வேண்டாம். தொட்டுக் கட்டும் வங்கி அட்டையையோ போனையோ வாசலில் காட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. காலையில் அட்டை, மாலையில் அதே கணக்கின் போன் என்று மாற்றினால் இரண்டும் தனித்தனிக் கணக்காகி, ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்புச் சலுகை கிடைக்காமல் போகும். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். பேருந்துக்கு நாங்கள் கொடுத்தது 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினாலும் அதே காசுதான்.

11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம். 11 முதல் 15 வரை இருந்தால் ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை ஒன்றை வாங்கி, நிலைய ஊழியரிடம் 'யங் விசிட்டர்' சலுகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 14 நாள் வரை பாதிக் கட்டணம். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதுவரை மகளுக்கு முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை சுரங்க ரயில் கட்டணம் கூடுதல். அருங்காட்சியகம் 10 மணிக்குத்தானே திறக்கிறது, ஒன்பதரைக்குப் பிறகு ஏறுங்கள்.

6. பை விஷயத்தில் கவனம்

இரண்டாம் நாள் நாங்கள் தங்குமிடம் மாறினோம். பழைய அறையைக் காலையில் காலி செய்துவிட்டு, பெட்டிகளோடு நேராகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். சக்கரம் வைத்த பெட்டிகளை உள்ளே விடுவதில்லை. பொருள் வைப்பறையிலும் எடுப்பதில்லை. விதி அவர்கள் தளத்தில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கடைசியில் நான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ரயில் நிலையத்தில் இருக்கும் கட்டண வைப்பறையைத் தேடிப் போனேன். திரும்பி வரும்போது மதியம் ஒன்று.

ஆகவே அறை மாறும் நாளில் அருங்காட்சியகம் வேண்டாம். அப்படியே போவதானால் பெட்டியைத் தங்குமிடத்திலேயே விட்டுவைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கையில் ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். செல்ஃபி குச்சி, முக்காலி எடுத்துப் போகாதீர்கள். கையால் படம் எடுக்கத் தடையில்லை.

வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலியைக் கட்டணமின்றித் தருகிறார்கள். "எனக்கெதுக்குடா வண்டி, நான் என்ன நோயாளியா?" என்றார் அம்மா. இரண்டாவது அறையிலேயே கால் வலி எடுத்துவிட்டது. வீட்டில் வைத்தே பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எங்கள் எல்லோரையும்விட நிதானமாகப் பார்த்தது அம்மாதான்.

7. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை மூன்று மணி நேரத்தில் பார்ப்பது எப்படி

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். மே மாதத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். முதல் சில நாள் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள். மதியம் மூன்றானால் தூக்கம் சொக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலை பத்துக்கு வாசலில் நின்று ஒரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

முன்பே ஆறு பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அறை எண்ணோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவையுங்கள். எங்கள் பட்டியலிலும் போகிற வழியிலும் மனதில் நின்றவை இவை.

ரொசெட்டா கல், அறை 4. திறந்தவுடன் முதலில் இங்கே போங்கள்; அரை மணி கழித்துப் போனால் முன்னால் நிற்பவர்களின் போன்தான் தெரியும். ஒரே அரசாணை மூன்று வடிவ எழுத்துகளில், அதில் ஒன்று கிரேக்கம். தெரிந்த கிரேக்கத்தை வைத்துத் தெரியாத எகிப்திய எழுத்தைப் படித்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். அறை 1-இல் இதன் நகல் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டே பார்க்கலாம், கூட்டமும் குறைவு.

அசீரிய மன்னனின் சிங்க வேட்டை, அறை 10. எங்கள் பட்டியலில் இது இல்லை, போகிற வழியில் கண்ணில் பட்டது. இன்றைய இராக்கில் இருந்த நினிவே நகர அரண்மனையின் கற்பலகைகள், 2,600 வருடத்துக்கும் மேல் பழையவை. அம்பு பட்டுப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும் பெண் சிங்கத்தின் முன் என் மகன் கால் மணி நேரம் அசையாமல் நின்றான். "இதைச் செதுக்கினவர் ராஜா பக்கமா, சிங்கம் பக்கமாப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று மீதி இருந்த இரண்டு பொருள்களை விட்டுவிட்டோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளை நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

அறை 33, தெற்காசியாவும் சீனாவும். இங்கேதான் சோழர் நடராஜர். அதன் கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் அறை 33ஏ, அமராவதி. கட்டடத்தின் வடக்கே மான்டேகு பிளேஸ் தெருவில் ஒரு பின்வாசல் உண்டு. அது திறந்திருந்தால் அந்த வழியாக வருபவர்களுக்கு இந்த அறை பக்கம், பெரும்பாலும் வரிசையும் சிறியது. அமராவதியில் இருபுறமும் செதுக்கிய பலகை ஒன்றைத் தேடுங்கள். ஒரு பக்கம் ஸ்தூபியின் முழு உருவம். இன்று அந்த ஸ்தூபி முழுதாக இல்லை. அது எப்படி இருந்தது என்று ஊகிக்க இதுபோன்ற பலகைகள்தான் துணை. மறுபக்கம் அதைவிடப் பழையது. அதில் புத்தர் உருவமே இல்லை. மரத்தடியில் ஆளில்லாத ஆசனம், பாதச் சுவடு, சுற்றிலும் வணங்குகிறவர்கள். இல்லாத ஒருவரைச் சிற்பி எப்படிக் காட்டுகிறார் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். இதை 'அமராவதி பளிங்கு' என்று பலர் எழுதுவார்கள். உண்மையில் இது சுண்ணாம்புக் கல்.

சில அறைகளில் தன்னார்வலர்கள் ஒரு மேசையில் உண்மையான பழம்பொருள்களை வைத்துக்கொண்டு கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கட்டணம் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

8. குறிப்புப் பலகையின் கடைசி வரியைப் படியுங்கள்

இது கட்டணம், காகிதம் சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் உண்டு, குறிப்புப் பலகையில் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் பெரும்பாலும் அந்தப் பொருள் அங்கே பதிவான வருடம். அமராவதிப் பலகைகள் 1880,0709 என்று தொடங்கும்: 1880-ஆம் வருடம், ஏழாம் மாதம், ஒன்பதாம் தேதி. எண்ணைப் போனில் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் தேடினால் யாரிடமிருந்து வந்தது என்பதும் இருக்கும். இதை ஒரு விளையாட்டாகப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு மகள் எந்தப் பொருளைப் பார்த்தாலும், "இது எப்போ இங்க வந்துச்சு, யாருப்பா கொடுத்தாங்க?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

அந்தக் கேள்வி வெறும் விளையாட்டும் இல்லை. கும்பகோணம் பக்கம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கியது. அந்தச் சிலை கோயிலுக்குள் இருப்பதைக் காட்டும் 1957-ஆம் வருடப் படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. அது ஆதாரமாகி, 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பழைய படம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்ததால் இது நடந்தது. இந்தக் கதையைச் சொன்னபோது அம்மா, நம் ஊர்க் கோயில் சிலைகளுக்கெல்லாம் யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, எங்கள் தெருக் கோயிலில் அனுமதி கேட்டு உற்சவர்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்ததுதான்.

9. தெற்கு கென்சிங்டன்: ஒரே தெருவில் மூன்று

சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால் சுரங்க நடைபாதை வழியாக மூன்று இலவச அருங்காட்சியகங்களுக்குப் போகலாம். ஒரே நாளில் மூன்றையும் முடிக்க நாங்கள் முயன்று தோற்றோம். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

இயற்கை வரலாறு: காலை பத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். நடு மண்டபத்தில் தலைக்கு மேல் 25 மீட்டர் நீலத் திமிங்கல எலும்புக்கூடு. டைனோசர் பகுதிக்கு நேராகப் போய்விட்டு மற்றதைப் பிறகு பாருங்கள். அறிவியல் அருங்காட்சியகத்தில் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 10 கலம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான சோதனைக்கூடப் பகுதிக்கு மட்டும் தனிக் கட்டணம்.

விக்டோரியா ஆல்பர்ட் எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் போனபோது அறை 41-இல் திப்பு சுல்தானின் மரப்புலி, வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் பாய்ந்து நின்றது. உள்ளே ஒரு இசைக்கருவி. சோழமண்டலக் கடற்கரையில் நம் ஆட்கள் சாயமிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிய பூத்துணிகள் இவர்களிடம் ஏராளம். நாங்கள் திரும்பிய பிறகு, 2025 மே 31 அன்று, ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் இவர்களுடைய கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 'வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்' என்று பெயர். இணையப் பட்டியலில் பார்த்து ஐந்து பொருள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்பே பதிந்தால் எடுத்து வந்து பக்கத்திலேயே காட்டுவார்கள், இலவசமாக. நெசவு, சாயம், தையல் தொழிலில் இருப்பவர்கள் விசா வந்த அன்றே இதைப் பதிந்துவிடுங்கள்.

10. சாப்பாட்டுச் செலவு

அருங்காட்சியக உணவகத்தில் ஐந்து பேர் ஒருமுறை சாப்பிட்டோம். அதன் பிறகு போகவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்ந்து ஒரே விலையில் தருவார்கள். ஆளுக்கு நான்கைந்து பவுண்டில் முடியும். சைவம் என்றால் அட்டையில் 'வெஜிடேரியன்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், முட்டை இருக்கிறதா என்றும் படியுங்கள். சமையலறை உள்ள அறை எடுத்ததால் காலையில் புளிச்சாதம் கிளறிக் கட்டிக்கொண்டோம். அறிவியல், இயற்கை வரலாறு இரண்டிலும் கொண்டுபோனதை உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஐந்து நிமிட நடையில் ரஸ்ஸல் சதுக்கப் பூங்கா.

ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். பால்கோவா போன்ற பால் பொருள்களும் இறைச்சியும் கூடாது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் இட்லி, தோசை இல்லாமல் முடியாது என்றால் ஈஸ்ட் ஹாம் போங்கள், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

11. திரும்பி வந்த பிறகு ஒரு நாள்

நாங்கள் தவறவிட்ட எழும்பூருக்கு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். அமராவதி அறையில் என் மகள் ஒரு பலகையின் முன் நின்று, லண்டனில் எடுத்த படத்தைப் போனில் விரித்து, இரண்டிலும் வணங்குகிறவர்களின் தலைப்பாகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீங்களும் லண்டன் படங்களை அழிக்காமல் எடுத்துப் போங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவுக்கு வாசலிலேயே தனிச் சீட்டு வாங்கிவிடுங்கள். காலையில் போனால் வெண்கலச் சிலைகளுக்கும் நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.